மேட்டோர வகுப்பு

1

பாளையங்கோட்டையில் என்னோடு ஆசிரியப் பயிற்சி முடித்த கனகத்திடமிருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. அவள் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டப் போகிறார்களாம். "நீ பதினைந்து வருஷமாக ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பு நடத்துகிறவள். கதவை எந்தப் பக்கம் வைக்கலாம், கரும்பலகையை எங்கே மாட்டலாம் என்று உனக்குத் தெரியாதது இருக்காது. விவரமாக எழுது. நம் பழைய மாணவியர் மலருக்கும் அதையே போட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். படித்த பிறகு மலரில் போடலாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

என் கணவர் தேவசகாயத்துக்கு நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க் வேலை கிடைத்துத்தான் நாங்கள் ஐம்பதாம் வருஷம் இலங்கைக்கு வந்தோம். அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியை இல்லை என்றார்கள். நான் சேர்ந்தேன். ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கியபோது, "நோர்வூட்டுல கண்டாக்கையா வந்து நிப்பாரு, அவரோட போங்க" என்று ஒருவர் சொன்னார். நான் பஸ் கண்டக்டர் என்று நினைத்துக் கையில் சில்லறையை எடுத்து வைத்துக்கொண்டேன். வந்தவர் காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியும் கையில் பிரம்புமாக இருந்தார். தேயிலை மலைகளில் வேலையை மேற்பார்வை பார்ப்பவரை இங்கே கண்டாக்கு என்கிறார்கள். என் கையைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஸ்கூலுக்கு வந்த டீச்சரம்மாங்களா? மூணு மைலு நடக்கணுங்க. மழைக்கு முன்னாடி போயிருவோம்" என்றார்.

லயம் என்றால் எனக்குத் தாளம். இங்கே அது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளின் பெயர். பேச்சு பிடிபட நாளாயிற்று. முதல் நாள் ஒரு பெண்பிள்ளையை நம் ஊர் வழக்கத்தில், "ஏளா, இங்க வா" என்று கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. பிள்ளைகள் வரிசையை எண்ணிப் பார்த்து, ஏழாவதாக இருந்த பையனை எழுப்பி அனுப்பினார்கள். அன்று எல்லோரும் சிரித்தோம்.

பள்ளிக்கூடம் லயங்களுக்கு மேலே, மலையை வெட்டிச் சமன் செய்த இடத்தில் இருந்தது. நீளமான ஒரே கூடம். முன்கோடியில் ஒரே கதவு. பக்கங்களில் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் மரச்சட்டம்தான். உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் மண் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். பின்கோடி, வெட்டிய மண்மேட்டுக்குள் சொருகி வைத்தது போல நின்றது. பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அகலத்தில் ஒரு கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால், இருந்தது. பின்சுவரில் உயரத்தில் கையகல ஓட்டை ஒன்று காற்றுக்காக விட்டிருந்தார்கள். தலைக்கு மேலே தகரக் கூரை. மழை வலுத்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது. அதனால் மழைக்காலத்தில் வாய்ப்பாடு கிடையாது, எழுத்து மட்டும்தான்.

அந்த அறையில் முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாம் ஒன்றாக, நான் ஒருத்தி.

2

கனகம், நமக்குப் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அதை நான் இங்கே பிள்ளைகளைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் சின்னப் பிள்ளைகளைப் பின்கோடியில் வைத்தேன். கதவருகில் வைத்தால் எதிர் மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவைப் பார்த்து அழும் என்ற நினைப்பு. இருட்டில் அவை அழவில்லை, தூங்கின. ஒரு வருஷம் முழுக்க ஒரு வகுப்பே தூங்கி எழுந்து போயிற்று. மறு வருஷம் அவர்களை முன்னால் கொண்டுவந்தேன். நடுவில் இருந்த மூன்றாம் வகுப்புக்கு இரண்டு பக்கமும் மலை தெரியும். யார் நிரையில் யார் பறிக்கிறார்கள், கண்டாக்கையா எந்தப் பாதையில் வருகிறார், யாரைத் திட்டுகிறார் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கணக்குதான் தெரியாது.

சத்தத்தை வயலுக்கு மடை திருப்புவது போலத் திருப்பப் பழகினேன். ஒரு வகுப்பு வாய்விட்டுச் சொல்லும்போது மற்றது எழுதும், இன்னொன்று மனக்கணக்குப் போடும். ஐந்தாம் வகுப்பை மேட்டோரத்துக்கு அனுப்பினேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. வெளிச்சம் குறைவு, சுவரில் ஈரம், நாலு பிள்ளைக்கு ஓயாத இருமல். ஆனால் படிப்பு அங்கேதான் ஏறியது. பெரிய பிள்ளைகளைக் கண்டாக்கையாவின் கண்ணும் அங்கே எட்டாது. பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு இங்கே கண்ணளவுதான் வயது. பார்வைக்கு வளர்ந்துவிட்டால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பேரேட்டில், பெயர் ஏறிவிடும். மேட்டோரத்து இருட்டில் இரண்டு வருஷம் கூடுதலாகப் பிள்ளையாக இருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஹட்டனுக்குப் போய் மேலே படித்த பதினோரு பேரும் அந்த இருட்டிலிருந்து போனவர்கள்தான்.

போன வருஷம் அங்கே செல்லாயி உட்கார்ந்திருந்தாள். பத்தோ பதினொன்றோ வயது. கொழுந்து பறிக்கும் ராமாயியின் மூத்த மகள். கேள்விக்குப் பதில் தெரிந்தால் கை தூக்க மாட்டாள், எழுந்து நின்றுவிடுவாள். சித்திரை விடுமுறை கழிந்து வந்த அன்று அப்படி எழுந்து நின்றாள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"என்ன செல்லாயி?"

"டீச்சர், செவரு வயித்தத் தள்ளுதுங்க."

நான் போய்ப் பார்த்தேன். சுவர் சுவராகத்தான் தெரிந்தது. கையை வைத்தேன், ஈரமாக இருந்தது. அது எப்போதும் ஈரம்தான். அவள் தன் பெஞ்சைக் காட்டினாள். சுவருக்கும் நடுத்தூணுக்கும் இடையில் போட்டிருந்த பெஞ்சு. வாரத்துக்கு ஒரு முறை கூட்டுவதற்காக அதை வெளியே இழுப்போம்.

"இழுத்துப் பாருங்க டீச்சர்."

இழுத்தேன். வரவில்லை. நாலு பிள்ளைகள் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. பெஞ்சின் ஒரு முனை தூணில் அழுந்தியிருந்தது, மறுமுனை சுவருக்குள் கால் விரற்கடை புதைந்திருந்தது. பெஞ்சு வளர்வதில்லை.

3

கண்டாக்கையாவிடம் சொன்னேன். வந்து பார்த்தார், பிரம்பால் இரண்டு தட்டுத் தட்டினார். "மேஸனாருகிட்டச் சொல்றேங்க" என்றார். மேசன் வந்து சுண்ணாம்பு பூசிவிட்டுப் போனார். வெள்ளையடித்த பிறகு வயிறு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

வருஷத்துக்கு ஒரு முறை வரும் பள்ளிக்கூடப் பரிசோதகர் வைகாசியில் வந்தார். நல்ல மனிதர். பெஞ்சைத் தானே இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, நான் இது ஆபத்து என்று எழுதினால் இந்தப் பாதிக் கூடத்தைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். கழித்தால் இத்தனை பிள்ளைக்கு இடம் போதாது. இடம் போதாவிட்டால் பள்ளியைப் பதிவில் வைத்திருக்க முடியாது. நான் என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்கள்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் எழுதவில்லை.

மிச்சம் இருந்தது தோட்டத்து மானேஜரான துரைக்கு நேராக எழுதுவது. அன்று சாயங்காலம் என் கணவரிடம் கேட்டேன். அந்தக் கடிதம் அவர் மேசை வழியாகத்தான் துரைக்குப் போகும்.

"எழுதுததை நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அடியில உன் பேரு நிக்கும்லா? அந்தப் பேரைப் பாத்துத்தான் நம்ம பெர்மிட்டுக்குத் தொரை சிபாரிசு எழுதணும். அதையும் யோசிச்சுக்கோ" என்றார்.

வெளிநாட்டார் இங்கே தங்குவதற்கு ஒரு தற்காலிக அனுமதி உண்டு. தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்தால்தான் அதைப் புதுப்பிப்பார்கள். முன்பெல்லாம் அந்தப் படிவம் இங்கிலீஷில் வரும். இப்போது சிங்களத்தில் வருகிறது. நானும் என் கணவரும் அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் எங்களுக்குத் தெரியாது. எங்கள் மகள் எஸ்தர்தான் படித்துச் சொல்வாள். இங்கே பிறந்தவள், ஹட்டனில் படிக்கிறாள். கடைக்காரரோடும் பஸ்காரரோடும் அவள் சிங்களம் பேசுவதைக் கேட்டால் அது யார் வீட்டுப் பிள்ளையோ என்று தோன்றும். நம் ஊர்ப் பேச்சு அவளுக்கு வெட்கம். "அம்மா, 'எழுதுதேன்'னு சொல்லாதீங்க. பொலிஸ்ல, ஆபீஸ்ல எல்லாம் 'கள்ளத்தோணியா'ன்னு கேப்பாங்க" என்பாள். களவாகப் படகேறி வந்தவர்களை இங்கே அப்படிச் சொல்வார்கள்.

அன்று அவள் படிவத்தைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்க விதேசிகன்னு போட்டிருக்கு."

"அப்படீன்னா?"

"வெளிநாட்டு ஆளு." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். "என் பேருக்கு நேராவும் அதுதான் இருக்கு."

அன்று நான் துரைக்குக் கடிதம் எழுதவில்லை. அந்த வெட்கத்தை இங்கே மறைப்பதில் பயனில்லை.

4

எழுதாததற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் கேட்காமல் ஐந்தாம் வகுப்பை மேட்டோரத்திலிருந்து எழுப்பி முன்னால் கொண்டுவந்தேன். நாலாம் வகுப்பும் சேர்ந்து நகர்ந்தது. கூடத்தின் பின்பாதி காலியாயிற்று. முன்பாதியில் பிள்ளைகள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். மடை திருப்ப இடமில்லாமல் எல்லா வகுப்பின் தண்ணீரும் ஒன்றாகப் பாய்ந்தது. ஐந்தாம் வகுப்புப் பாட்டை முதல் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தன. ஐந்தாம் வகுப்புக்காரர்களுக்குப் பின்னக் கணக்குக் குழம்பியது. ஒரு விடை வந்தால் அது யார் மண்டையிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் மழையில்லாத நாட்களில் பெரிய பிள்ளைகளை வெளியே, பாதையோரத்துச் சவுக்கு மரத்தடியில் உட்கார வைத்தேன். நல்ல வெளிச்சம், நல்ல காற்று. இருமல் நின்றது. சில நாள் மூடுபனி வந்து எங்களை மூடிவிடும். கேள்வி கேட்டால் ஆள் தெரியாது, பதில் மட்டும் வரும். மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம். நாலு நாள்.

ஐந்தாம் நாள் கண்டாக்கையா அந்தப் பாதையில் வந்தார். நின்றார். பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுக எல்லாம் இவ்வளவு வளந்திருச்சுகளா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. மழைக்கு நன்றாகத் தளிர்த்த மலையைப் பார்ப்பவர் போலத்தான் சொன்னார்.

மறுநாள் இரண்டு பேர் வரவில்லை. அதில் ஒருத்தி செல்லாயி. புல் வெட்டும் வேலைக்குப் பெயர் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் நான் லயத்துக்குப் போனேன். ராமாயி அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து பலகையைத் துடைத்துப் போட்டாள்.

"டீச்சரம்மா நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். இருட்டுக்குள்ளயே இருந்திருந்தா இன்னும் ஒரு வருசம் படிச்சிருப்பா. வெளிய ஒக்கார வச்சீங்க, கண்ணுல பட்டுட்டா."

"நான் பேசிப் பார்க்கட்டுமா?"

"பேசினா அவருக்கு நாளைக்கு எங்க மேல கண்ணு. விடுங்க."

செல்லாயி மூலையில் உட்கார்ந்து புல் அறுத்த விரல்களைத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலையில் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.

5

காலியாகக் கிடக்கும் இடத்தைத் தோட்டம் விட்டு வைக்காது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆனி மாதம், மழை பிடித்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போனால் உள்ளே குழந்தை அழும் சத்தம். பின்பாதியில், உத்தரங்களில் சேலைத் தொட்டில்கள் தொங்கின. பதினாலு. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறையைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பேச்சி ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"கண்டாக்கையாதான் இங்க கொண்டாந்து கட்டச் சொன்னாரு. அங்க கூரை ஒழுகுதுங்க."

பின்சுவரை ஒட்டிய தொட்டில் ஆடி வரும்போது சேலை சுவரில் உரசியது.

அன்றைக்கு நான் பாடம் நடத்தவில்லை. நேரே மலைக்குப் போய்க் கண்டாக்கையாவைக் கண்டேன்.

"டீச்சரம்மா, புள்ளைக நனையிதுங்க, நான் என்ன செய்ய? பாதி ஸ்கூலு சும்மாதான் கெடக்கு."

"சும்மா கிடக்கலை. சுவர் விழும்னுதான் காலி பண்ணினேன்."

"விழும்னு யாரு எழுதியிருக்கா?"

யாரும் எழுதியிருக்கவில்லை. பரிசோதகர் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அன்று சாயங்காலம் எழுதினேன். என் கணவர் வாங்கித் தானே டைப் அடித்துக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டேன். துரை கொழும்புக்குப் போயிருக்கிறார், நாலு நாளில் வருவார் என்றார்.

நாலு நாள் காத்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் வேலை முடிந்து குழந்தைகளைத் தூக்க வந்த தாய்மாரைக் கூடத்துக்குள் கூப்பிட்டேன். பேசவில்லை, பெஞ்சைக் காட்டினேன். ராமாயியும் அங்கே இருந்தாள். அவளுடைய கடைசிக் குழந்தையும் அந்தப் பதினாலில் ஒன்று. அவளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து பெஞ்சை இழுத்தார்கள். தினமும் மலையில் கூடை சுமக்கும் பெண்கள். பெஞ்சு அசையவில்லை. சுவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் மண் மட்டும் உதிர்ந்தது. ராமாயி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தன் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்தாள்.

மறுநாள் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, பதினாலு பேரும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போய் நின்றார்கள். நான் பாதையில் நின்று பார்த்தேன்.

"என்னா இது?" என்று கண்டாக்கையா கேட்டார்.

"புள்ளைய விட எடமில்லைங்க" என்றாள் ராமாயி.

"முதுகுல புள்ளைய கட்டிக்கிட்டா கூடைய எங்க மாட்டுவ?"

"அதத்தாங்க நாங்களும் கேக்குறோம்."

அன்று கொழுந்து குறைந்தது. மறுநாளும் அப்படியே நின்றார்கள். மூன்றாம் நாள் துரை திரும்பி வந்தார். என் கடிதத்துக்காகவா, குறைந்துபோன கொழுந்துக்காகவா, எனக்குத் தெரியாது. காலியாக இருந்த ஒரு லயத்து அறையைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொடுக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தின் பின்பாதிக்கு யாரும் போகக் கூடாது என்று ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டார்கள். என் கணவரிடம், "உன் மனைவிக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது" என்று மட்டும் சொன்னாராம். அதை அவர் இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில், செல்லாயியைப் பார்த்தேன். சும்மா ஒரு பின்னக் கணக்குக் கேட்டேன். சரியாகச் சொன்னாள். அது முந்தின நாள்தான் நான் வகுப்பில் நடத்தியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

6

மழை பத்துப் பன்னிரண்டு நாள் விடாமல் பெய்து, ஒரு புதன்கிழமை வெறித்தது. வெயில்கூட அடித்தது. தகரம் ஓய்ந்திருந்ததால் நாளைக்கு மழை வருவதற்குள் வாய்ப்பாட்டை முடித்துவிடலாம் என்று பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்ல வைத்தேன். மலையில் தேத்தண்ணீருக்கு ஊதினார்கள். பத்து மணி.

பின்னால் கானில் தண்ணீர் ஓடும் சத்தம் இத்தனை நாளும் எங்கள் வகுப்போடு வகுப்பாக இருந்தது. அது நின்றது. வடிந்து குறையவில்லை, கையால் பொத்தியது போல ஒரேயடியாக நின்றது. வருஷக்கணக்காகச் சத்தத்தைப் பிரித்துப் பிரித்துக் கேட்டவள் நான். நின்றுபோன சத்தம் எனக்குக் கேட்டது.

"எல்லாரும் வெளிய போங்க" என்றேன். "பையை எடுக்க வேண்டாம். சின்னவங்க முதல்ல."

ஒரே கதவு. கனகம், வேறு எதையும் என்னிடம் கேட்காதே, இரண்டு கதவு வை. சின்னப் பிள்ளைகள் கதவில் அடைத்துக்கொண்டார்கள். பெரியவர்களைப் பக்கச் சுவரேறிக் குதிக்கச் சொன்னேன். இரண்டு குழந்தைகளைச் சட்டத்துக்கு மேலே தூக்கி நானே வெளியே போட்டேன். கடைசியாக நான் வந்து சவுக்கு மரத்தடியில் நின்று திரும்பியபோது பின்சுவர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல் வந்தது. பெரிய சத்தம் பிறகுதான் கேட்டது. மேடு இறங்கிக் கூடத்தின் பாதியை நிரப்பி, குறுக்கே போட்ட பெஞ்சைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. தகரம் ஒரு பக்கம் மடிந்து தொங்கியது.

பதிவேடு உள்ளே போய்விட்டது. மனப்பாடமாகப் பெயர் கூப்பிட்டேன். முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாக் குரலும் வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன். எல்லாரும் இருந்தார்கள். முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினேன்.

மலையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ராமாயி எல்லோருக்கும் முன்னால் வந்தாள். கூடையைக்கூடக் கழற்றவில்லை.

"செல்லாயி எங்க?"

"அவள் புல் வெட்டப் போனாளே, ராமாயி."

"தேத்தண்ணிக்கு ஆளக் காணோம். இங்கதான் வரும்னு மத்த புள்ளைக சொல்லுதுக."

என் அருகில் நின்ற இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், அந்தக்கா கானுக்குள்ள நிக்கும். ஓட்டை வழியா கேக்கும்."

காலியான அறை என் குரலைத் தூக்கிப் பின்சுவரில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. முன்னால் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்காத பாடம் வெளியே கானில் நின்றவளுக்குக் கேட்டிருக்கிறது. பத்து மணிக்கு எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

ஆண்கள் மம்பட்டியோடு இறங்கினார்கள். கண்டாக்கையா தொப்பியை எறிந்துவிட்டு அவர்களோடு மண்ணை வாரினார். வாரிக்கொண்டே, "செக்ரோல்ல பேரு போட்டிருந்தேன். அவ எடத்துல இருப்பான்னுதான் நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் பெயரை அடித்துவிட்டு ஆள் இல்லை என்று நினைத்தவள்தானே.

கான் மலையை விட்டு வெளியே திரும்பும் முனையில் அவளைக் கண்டார்கள். தண்ணீர் நின்றதும் அவளும் ஓடப் பார்த்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே மண். முகம் வெளியே இருந்தது, கண் திறந்திருந்தது. எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ராமாயி அவள் தலையைத் தன் மடியில் வைத்து, தேயிலைக் கறை படிந்த கையால் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொழுந்து லாரியில் போட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

7

பிழைத்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்து, குட்டையாகிவிட்டது. மலை ஏற முடியாது. மலை ஏற முடியாதவளுக்குச் செக்ரோலில் இடமில்லை. பெயரை எடுத்துவிட்டார்கள். அதனால் அவள் மறுபடியும் என்னிடம் படிக்க வருகிறாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ராமாயியிடம் கேட்கவும் துணிவில்லை.

பள்ளிக்கூடம் இப்போது ஒரு லயத்தின் இஸ்தோப்பில், அந்த நீளத் தாழ்வாரத்தில், நடக்கிறது. பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்கிறார்கள். நான் ஒரு முனையில் பேசினால் மறுமுனைக்குக் கேட்காது, அதனால் நடந்துகொண்டே இருக்கிறேன். அடுப்புப் புகை வரும், கோழி வரும். பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. மூடிய அறை இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு போவது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

எங்கள் அனுமதிக்காகக் கொழும்புக்குப் போனோம். துரை சிபாரிசு எழுதித்தான் கொடுத்திருந்தார், ஒரே வரி. அதிகாரி என்னைப் பார்த்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை என்று சிங்களத்தில் கேட்டார். எஸ்தர் எனக்காகப் பதில் சொன்னாள். அந்தப் பள்ளிக் கட்டடம் விழுந்துவிட்டதாகக் காகிதத்தில் இருக்கிறதே என்றார். அதற்கு எஸ்தர் நீளமாக ஏதோ பேசினாள். ஒரு வருஷம் கொடுத்தார்கள், இதுவே கடைசி என்று முத்திரை குத்தி. வெளியே வந்ததும் அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். ரயிலில் ஹட்டன் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஐப்பசியில் அந்தச் செய்தி வந்தது. இந்த மலைகளில் இருக்கும் நம் ஜனங்களில் பெரும் பகுதியை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. யார் போவது, யார் இருப்பது, எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைக்காம்பராவிலும் பீலிக்கரையிலும் இதே பேச்சு. பள்ளிக்கூடத்தை எப்போது கட்டுவார்கள் என்று என் கணவர் துரையிடம் கேட்டார்.

"போகிறவர்கள் முதலில் போகட்டும். எத்தனை பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள் என்று பார்த்துக் கட்டலாம்" என்றாராம்.

இந்தியா எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். நான் அங்கிருந்து வந்தவள் அல்லவா? அங்கே மலை இருக்குமா, குளிருமா, ரயில் போகுமா என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். போன வாரம் செல்லாயி எழுந்து நின்றாள். இப்போது எழுந்து நிற்க அவளுக்கு நேரமாகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"டீச்சர், உங்க ஊரு ஸ்கூல்ல எங்கள எங்க ஒக்கார வைப்பாங்க?"

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. மறுமுனையில் இருந்த பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்கு நம் ஊர் தெரியும். வந்தவர்களை நாம் எங்கே உட்கார வைப்போம் என்பதும் தெரியும்.

"முன்னால" என்றேன். "கதவுக்குப் பக்கத்துல."

அவள் நம்பிவிட்டாள்.